தப்பே செய்யாத வாத்தியார்

“ரெண்டு மாசமா எங்க கணக்கு சார் தப்பே பண்றதில்லைங்க. எனக்குப் பயமா இருக்கு.”

துப்பறியும் அற்புதசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தென்னூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவர் கடை விரித்த நாளிலிருந்து ஓடிப்போன புருஷன், பார்த்து வைத்த மாப்பிள்ளையின் யோக்கியதை, காணாமல் போன நாய்க்குட்டி என்று எத்தனையோ வழக்குகள் வந்துவிட்டன. ஒருவர் தப்பு செய்யவில்லை என்று புகார் சொல்ல இதுவரை யாரும் படியேறி வந்ததில்லை.

“அக்கா, இங்க தப்பு பண்ணினவங்களைத்தான் தேடுவோம்,” என்றாள் அவருடைய உதவியாளர் இர்பானா, டீயை ஆற்றிக்கொண்டே. “பண்ணாதவங்களைத் தேடி எங்களுக்குப் பழக்கமில்லை. திருச்சியில அப்படி ஆளும் கிடையாது.”

வந்திருந்தவர் சிரிக்கவில்லை. பெயர் விஜயராணி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சமயபுரத்தில் முத்துப்பல்லக்கு லாட்ஜில் பகல் நேரக் கவுண்டரில் உட்காருகிறவர். அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார்.

“முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா,” என்றார் அற்புதசாமி.

“யூடியூப்ல ‘அம்மாசி கணக்கு’ன்னு ஒரு சேனல் சார். அம்மாசிங்கறதுதான் வாத்தியார் பேரு. முகம் தெரியாது. ஒரு போர்டு, ஒரு கை, ஒரு குரல், அவ்வளவுதான். நான் பிளஸ் ஒன்னுல கணக்குல பெயிலாகி நின்னவ. சும்மா ஒரு நாள் கவுண்டர்ல உட்கார்ந்துக்கிட்டுப் பார்த்தேன். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் போட்டார். ஏ ஸ்கொயர், பிளஸ் பி ஸ்கொயர்னு எழுதிட்டு நிறுத்திட்டார்.”

“தப்பாச்சே. நடுவுல டூ ஏபி வரணும்.” பள்ளிக்கூடத்திலிருந்து அற்புதசாமிக்கு மிச்சமிருந்த ஒரே சூத்திரம் அதுதான்.

“அதான் சார்! வேணும்னே விடுவார். விட்டுட்டு, ‘என்னமோ குறையுதே, யாராவது பார்த்துச் சொல்லுங்கப்பா’ன்னு கேட்டுட்டு நிப்பார். அந்தக் கை மட்டும் சாக்பீஸோட காத்துக்கிட்டு இருக்கும். ‘நடுவுல 2ab விட்டுட்டீங்க சார்’னு நான் கமெண்ட் போட்டேன். சமயபுரம் முத்துப்பல்லக்கு லாட்ஜ்ல உட்கார்ந்து பார்க்கறேன்னும் எழுதினேன். மறுநாள் வீடியோவுல, ‘முத்துப்பல்லக்கு லாட்ஜ் விஜயராணி சொல்லிட்டாங்க, ஒரு மார்க்’னு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அப்போலேர்ந்து தினம் அவர் ஒண்ணை விடுவார், நான் சொல்லுவேன்.”

அவர் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“லாட்ஜ்ல என்கிட்ட வர்றவங்க பேசறது ரெண்டே பேச்சு சார். ‘ரூம் இருக்கா’, ‘சாவி கொடுங்க.’ வீட்டுக்குப் போனா அதுவும் இல்லை. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அவர் ஒருத்தர்தான்.”

இர்பானா டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இப்ப ரெண்டு மாசமா தப்பே இல்லை. எல்லாம் சரியா எழுதறார். சந்தேகம் வந்து, நான் வேணும்னே கமெண்ட்ல தப்பா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ‘அருமை! தொடர்ந்து முயற்சி செய்யுங்கள்!’னு பதில் வந்துச்சு. சார் அப்படிச் சொல்ல மாட்டார். தப்பை அருமைன்னு சொல்ற ஆள் இல்லை அவர். அதுக்கப்புறம் கமெண்ட் பக்கமே நான் போறதில்லை. அவருக்கு என்னமோ ஆயிடுச்சு. உயிரோட இருக்காரான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

“உங்களுக்குப் பேச்சுத்துணைக்கு வேற யாருமே இல்லையாம்மா?”

“இருக்கார் ஒருத்தர். ஏழாம் நம்பர் ரூம்காரர். கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு, பாவம், அவருக்குப் பேச்சே வராது. நான் பேசறதைக் கேட்டுக்கிட்டு நிப்பார். வெள்ளிக்கிழமை வாசல்ல விளக்கு வைக்கும்போது வந்து ஏத்திக் கொடுப்பார். அதுவும் அரைகுறையாத்தான்.” விஜயராணி எழுந்தார். “இன்னைக்கும் வெள்ளி. பொழுது சாயறதுக்குள்ள போகணும். போயிட்டு வரேன் சார்.”

படியிறங்கும் சத்தம் அடங்கியதும் இர்பானா கேட்டாள். “அம்மாசின்னு பேரு வச்சா காணாமத்தானே சார் போவார்? கொஞ்சம் பொறுத்தா பிறை தெரியும்.”

“பிறை பார்க்கறது உன் டிபார்ட்மெண்ட். முதல்ல வீடியோவைப் போடு. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு.”

இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட விட்டார்கள். பழைய வீடியோவில் அந்தக் கை, அடைப்புக்குறிக்குள் ஏ பிளஸ் பி போட்டு, தலையில் ஒரு சின்ன மூன்றை வைத்தது. பிறகு போர்டின் இடது ஓரத்தில் a³ எழுதியது. உடனே வலது ஓரத்துக்குப் போய் b³ எழுதியது. நடுவில் பெரிய வெற்றிடம். “பந்தல் போடறவன் முதல்ல ரெண்டு ஓரத்துலயும் கால் நடுவான். நடுக்கால் அப்புறம்தான்,” என்றது கரகரப்பான, வாத்சல்யமான குரல். பிறகு இடப்பக்கம் 3a²b எழுதிவிட்டு, இன்னொன்றை வேண்டுமென்றே மறந்து, காத்திருந்தது.

புதிய வீடியோவிலும் அதே போர்டு, அதே கை, அதே குரல். கணக்கும் அதே கணக்கு. கை இடமிருந்து வலமாக மளமளவென்று நான்கு உறுப்புகளையும் எழுதி முடித்துவிட்டு நன்றி சொன்னது.

“தப்பை வெட்டிட்டாங்க போல,” என்றாள் இர்பானா.

“தப்பை வெட்டலாம், எழுதற வரிசையை எப்படி மாத்துவே? ஆயுசு முழுக்க ரெண்டு ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வந்த கை, திடீர்னு இடதுலேர்ந்து வலதுக்குப் போகாது.” அற்புதசாமி சட்டைப் பையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இது அவர் கை இல்லை.”

ஸ்கூட்டரை ஓட்டியது இர்பானா. பின்னால் ஒட்டிக்கொண்டது துப்பறியும் நிபுணர். “கெட்டியா பிடிச்சுக்கோங்க சார். போன வாரம் ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினேன், திரும்பிப் பார்த்தா பின்சீட்டு காலி,” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் காவிரிப் பாலம் வந்துவிட்டது. சேனலின் பழைய பதிவு ஒன்றில் அம்மாசி சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து, ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடி வீட்டைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையாக இல்லை.

மூன்றாவது மாடியில் கதவு பூட்டியிருந்தது. கைப்பிடியில் நாலைந்து விளம்பர நோட்டீஸ்கள் செருகிக் கிடந்தன. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.

“அவர் ஆத்தைப் பூட்டிண்டு போய் ரொம்ப நாளாச்சு. எங்கேயாவது யாத்திரை போயிருப்பர்.”

“யாரும் தேடலையா மாமி?” என்றாள் இர்பானா.

“தேடறதாவது! மனுஷர் சௌக்கியமாத்தானே இருக்கார்? என் பேத்தி நேத்திக்குக்கூட போன்ல பாடம் கேட்டாளே. பெருமாள் கிருபையில குரல் கணீர்னு இருக்கு.”

“நீங்க நேர்ல பார்த்து எவ்வளவு நாளாச்சு?”

“நேர்ல எதுக்குப் பார்க்கணும்? அதான் தினம் வரரே!”

மாமி கதவைச் சாத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தினமும் திரையில் தெரிகிற ஆளை ஊரில் யார் தேடப் போகிறார்கள்? செத்தவனைத் தேடுவார்கள், கடன்காரனைத் தேடுவார்கள். குரல் மட்டும் வந்துகொண்டிருந்தால் போதும், ஆள் இருக்கிறானா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஜன்னல் கம்பி வழியாக அற்புதசாமி உள்ளே பார்த்தார். கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு தம்ளர், சுவரோரமாக ஒரே ஒரு நாற்காலி. தென்னூரில் அவர் வீட்டிலும் இதே கணக்குதான், கூடுதலாக ஒரு ரேடியோ. காலையில் கிளம்பும்போது அதை அணைக்க மாட்டார். திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது உள்ளே ஏதாவது ஒரு பேச்சுச் சத்தம் இருக்க வேண்டும் அவருக்கு.

“சார், முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?”

“ஒண்ணுமில்லை. வண்டியை துவாக்குடிக்கு விடு. வீடியோ போடறது யாருன்னு சேனல்லயே அட்ரஸ் இருக்கு.”

துவாக்குடியில் மாணவர் விடுதிகளுக்கு நடுவே இருந்தது அந்த டியூஷன் சென்டர். வாசலிலிருந்து மாடி வரை ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் போட்டோக்கள். “இந்தச் சுவத்துல ரேங்க் வாங்காதது அந்தப் பல்லி மட்டும்தான் போல,” என்று இர்பானா முணுமுணுத்தாள். சென்டரை நடத்துகிற பாலு முப்பத்தைந்து வயது சுறுசுறுப்பு. சிரித்துக்கொண்டே டீ சொல்லி அனுப்பினான்.

“அம்மாசி சாரா? ஸ்ரீரங்கத்துல நல்லா இருக்காரே. நேத்துதானே ரெக்கார்டிங் முடிச்சோம்.”

“முதல்ல a³ எழுதினா அடுத்தது அவர் என்ன எழுதுவார் தம்பி?” என்றார் அற்புதசாமி.

“3a²b. வேற என்ன?”

“b³. அவர் ஓரத்தை முடிச்சுட்டுத்தான் நடுவுக்கு வருவார். நேத்து முடிச்ச ரெக்கார்டிங்ல அப்படி இல்லையே. நீங்க சொல்றீங்களா, போலீஸை வச்சுக் கேட்கட்டுமா?”

பாலுவின் சிரிப்பு மூஞ்சியிலேயே காய்ந்து போயிற்று. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

“நான் ஒண்ணும் தப்பு பண்ணலை சார். அவருக்குத் தொண்டையில ஆபரேஷன். குரல் அப்படியே போயிடுச்சு. பழைய வீடியோவை எல்லாம் கம்ப்யூட்டர்ல கொடுத்து அதே குரல், அதே கையைக் கொண்டுவரலாம்னு நான்தான் சொன்னேன். சரின்னு தலையாட்டினார். பேப்பர்ல ஒரே ஒரு வரி எழுதிக் காட்டினார், ‘என் தப்பை மட்டும் எடுத்துடாதே’ன்னு.”

“எடுத்துட்டே.”

“பேரண்ட்ஸ் சண்டைக்கு வராங்க சார்! வாத்தியாருக்கே ஃபார்முலா தெரியலைன்னு கம்ப்ளெயிண்ட். கம்ப்யூட்டருக்கும் தப்பு பண்ணச் சொல்லிக் கொடுக்கறது கஷ்டம். பதில் போடறதும் கம்ப்யூட்டர்தான்.”

“அவரைக் கடைசியா எப்போ பார்த்தே?”

பாலு மின்விசிறியைப் பார்த்தான். “ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு தடவை வந்தார். அப்புறம் வரலை. கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்காத ஆள், சொந்தம்னு யாரும் தெரியாது. போன் பண்ணலாம்னு நினைச்சேன்... பேச முடியாதவருக்குப் போன் பண்ணி என்ன சார் பேசறது?”

டீ வந்தது. அற்புதசாமிக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. குரலை இழந்தவன், குரலைக் கொடுத்தும் விட்டவன், வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போவான்? ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் ஆறு நடை தூரம்தான்.

இர்பானாவின் கவலை வேறு மாதிரி. பயம் வந்தால் அவள் போனை நோண்டுவாள். புதிய வீடியோக்களின் கீழே கமெண்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“சார், இங்க ஒரு மண்டு இருக்கு பாருங்க. போட்டோவும் இல்லை, பேரும் இல்லை. ஒவ்வொரு வீடியோவுக்கும் தப்பா ஒரு விடை. நம்ம கம்ப்யூட்டரும் சளைக்காம ‘அருமை! தொடர்ந்து முயற்சி செய்யுங்கள்!’னு தட்டிக் கொடுக்குது. ரெண்டும் நல்லா ஜோடி சேர்ந்திருக்கு.”

“அந்தப் பையனா?” என்றான் பாலு. “தினம் வருவான். நாங்க கண்டுக்கறதில்லை.”

“என்ன தப்பு? படி,” என்றார் அற்புதசாமி.

“ஏ க்யூப், பிளஸ் பி க்யூப், பிளஸ் த்ரீ ஏ ஸ்கொயர் பி. அவ்வளவுதான். ஒண்ணு குறையுது.”

“அதே வரிசையிலயா எழுதியிருக்கு?”

“ஆமா. ஏ க்யூப் முதல்ல, அப்புறம் பி...” இர்பானாவின் வாய் திறந்தபடி நின்றது. “யா அல்லாஹ். ரெண்டு ஓரம் முதல்ல!”

“நடுவுல ஒண்ணு விட்டிருக்கு,” என்றார் அற்புதசாமி, எழுந்துகொண்டே. “மண்டு இல்லைம்மா. வாத்தியார். தன் வீடியோவுக்குக் கீழயே வந்து, எடுத்துப் போட்ட தன் தப்பை தினம் எழுதி வச்சுட்டுப் போறார். இது நான் இல்லைன்னு யாராவது கண்டுபிடிக்க மாட்டாங்களான்னு பார்க்கறார்.”

“ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டாங்களே!”

“அந்தம்மாதான் கமெண்ட் பக்கமே போறதில்லையே.”

பாலு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை அப்படியே விட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். உயிரோடிருக்கிறார் என்பது நிச்சயம். எங்கே என்பதுதான் பாக்கி. ஸ்கூட்டர் நெடுஞ்சாலையில் ஏறியதும் அற்புதசாமி அவள் காதருகே கத்தினார்.

“அம்மாசி இடத்துல நீ இருந்தா எங்கே போவே? உலகத்துல உன் தப்பைத் தேடிப் படிச்ச ஆள் ஒரே ஒருத்தர். அவங்க எங்கே உட்கார்ந்திருக்காங்கன்னும் உனக்குத் தெரியும்.”

“சமயபுரத்துக்குத்தான் போவேன். ஆனா அங்கே போய் என்ன சார் பேச முடியும், அவருக்குத்தான் பேச்சே...”

இர்பானா பிரேக்கை அழுத்திய வேகத்தில் பின்னால் வந்த துவாக்குடி பஸ் ஹாரனில் திட்டிவிட்டுப் போயிற்று.

“ஏழாம் நம்பர் ரூம்!”

“ஓட்டு.”

“சார், ஆனா அந்தம்மாவுக்குப் பேர் தெரிஞ்சிருக்குமே? ரூம் போட்டப்ப ஆதார் காட்டியிருப்பாரே?”

“அந்தம்மா பகல்ல மட்டும் இருக்கறவங்க. ராத்திரி வந்து இறங்கியிருப்பார். லாட்ஜ்ல எவனுக்கும் பேர் கிடையாதும்மா, நம்பர்தான்.”

வெள்ளிக்கிழமைக் கூட்டம் சமயபுரத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் புடவைகளையும் வேப்பிலைக் கட்டுகளையும் விலக்கிக்கொண்டு அவர்கள் முத்துப்பல்லக்கு லாட்ஜுக்கு வந்தபோது, விஜயராணி வாசல் படியில் மாரியம்மன் படத்துக்குக் கீழே ஐந்து அகல் விளக்குகளை வரிசையாக வைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். கவுண்டரில் போன் தன் பாட்டுக்கு அம்மாசியின் குரலில் சரியான பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் ஏழாம் நம்பர்க்காரர் சாவி வாங்க வரும்போதெல்லாம் தன் குரலையே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார் என்பது அற்புதசாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

“போய்ச் சொல்லிடலாம் சார்,” என்றாள் இர்பானா.

“விடையை நாம சொன்னா அது காப்பியடிச்ச மாதிரி. அவங்களே சொல்லட்டும்.”

அவர் விஜயராணியிடம் போனை நீட்டினார். அந்தப் பெயரில்லாத கமெண்ட்டுகள். விஜயராணி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றைப் படித்தார், இன்னொன்றைப் படித்தார்.

“ஓரம் ரெண்டும் முதல்ல... இது சார்தான். இது அவரேதான்! உயிரோட இருக்காரா? எங்கே இருக்கார் சார்?”

“சொல்றேன்மா. பொழுது போகுது, முதல்ல விளக்கேத்துங்க.”

அப்போது மாடிப்படியில் ஒருவர் இறங்கி வந்தார். ஒடிசலான உடம்பு, நரைத்த தாடி, கழுத்தைச் சுற்றித் துண்டு. யாரையும் பார்க்காமல் வழக்கம்போல் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டார். குனிந்து இடது ஓரத்து விளக்கை ஏற்றினார். எழுந்து வரிசையைச் சுற்றிக்கொண்டு போய் வலது ஓரத்து விளக்கை ஏற்றினார். பிறகு உள்ளே ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். நடு விளக்கை விட்டுவிட்டு, தீக்குச்சி கையில் எரிய, சும்மா நின்றார்.

விஜயராணி வழக்கம்போல் நடு விளக்கை ஏற்றக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாத்தியாரின் முகம் அவருக்கு என்றைக்குமே தெரியாது. தீக்குச்சியைப் பிடித்துக் காத்திருந்த கையைப் பார்த்தார். சாவிக்காகத் தினமும் நீண்ட கைதான். சாவி கொடுக்கும்போது யார் கையைப் பார்க்கிறார்கள்? இரண்டு வருஷமாகச் சின்னத் திரையில் சாக்பீஸோடு இப்படியேதான் நின்றுகொண்டிருந்தது அது.

மனதுக்குள் ஐந்து விளக்கையும் எண்ணினார். ஏ பிளஸ் பி, நாலாம் அடுக்கு; விரித்தால் ஐந்து உறுப்பு. அழுகையும் கணக்கும் ஒன்றாக வந்தன.

“நடுவுல... நடுவுல ஆறு ஏ ஸ்கொயர் பி ஸ்கொயர் விட்டுட்டீங்க சார்.”

தீக்குச்சி விரலைச் சுட்டு அணைந்தது. அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தாடிக்குள் நீர் இறங்க, மெல்ல வலது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினார்.

உள்ளே கவுண்டரில் போன் நன்றி வணக்கம் சொல்லி முடித்தது. விஜயராணி பக்கத்து விளக்கைச் சாய்த்து நடு விளக்கை ஏற்றிவிட்டு எழுந்து நின்றார்.

“மார்க் கிடக்கட்டும் சார்,” என்றார். “சாப்பிட்டீங்களா?”